லக்கேஜ் தராசில் தொங்கிய லேப்டாப்

தம்பிக்கு இங்கே சிங்கப்பூரில் ஒரு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த அன்று வீட்டில் எழுந்த முதல் கேள்வி, என்ன லேப்டாப் வாங்குவது என்பதுதான். அப்பா சோபாவில் சாய்ந்தபடியே, "அக்காவுக்கு வாங்கினோமே, அதே மாதிரி ஒண்ணு வாங்கிடலாம், நல்லா உழைச்சுது" என்றார். நான் பதில் சொல்லவில்லை. உள்ளே போய், ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி எடை பார்ப்போமே, அந்தத் தொங்கும் தராசை எடுத்து வந்து, டிவி மேசைக்குக் கீழே கிடந்த என் பழைய லேப்டாப்பையும் அதன் செங்கல் மாதிரி சார்ஜரையும் என் பழைய பையில் போட்டு, கொக்கியில் மாட்டித் தூக்கினேன். 4.1 கிலோ. பையில் வேறு ஒரு நோட்டுகூட இல்லை.

"இதைத்தான்ப்பா மூணு வருஷம் ஈசூன்லேர்ந்து டோவர் வரைக்கும் தூக்கிட்டுப் போனேன்." அப்பா தராசை வாங்கித் தானும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். தராசு தப்பாகக் காட்டுகிறதோ என்று அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு, சாங்கி விமான நிலையத்தில் செக்கின் வரிசையில் நிற்கும்போதும் இதையேதான் செய்வார்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018 ஏப்ரலில் பாலிடெக்னிக்கில், இங்கே சுருக்கமாக பாலி என்போம், இயந்திரப் பொறியியல் சேர்ந்தேன். அதற்கு முந்தைய மாதம் ஒரு கணினிக் கண்காட்சிக்கு நானும் அப்பாவும் போனோம். இந்த ஊர்க் கண்காட்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், நடக்க இடமில்லாத கூட்டம், ஆளுக்கொரு மைக், "லாஸ்ட் டூ செட்" என்று காலையிலிருந்து மாலைவரை கத்துவார்கள், அந்த இரண்டு செட் மட்டும் தீரவே தீராது. ஒரு விற்பனையாளர் என்னிடம் என்ன கோர்ஸ் என்று கேட்டார், எஞ்சினியரிங் என்றேன், "ஓ, எஞ்சினியரிங் மஸ்ட் டேக் ஸ்ட்ராங் ஒன்" என்று நேராக கேமிங் வரிசைக்குக் கூட்டிப் போய்விட்டார். ஐ7 7700 எச்க்யூ சிப், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம், 128 ஜிபி எஸ்எஸ்டியோடு 1 டிபி ஹார்டு டிஸ்க். 1,899 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். கூடவே பிரிண்டர், மவுஸ், பை, தம்ப் டிரைவ் எல்லாம் இலவசம், சக்கரத்தைச் சுற்றினால் பரிசு வேறு. அப்பாவுக்கு அந்த பிரிண்டரில் மனம் விழுந்துவிட்டது. அந்த பிரிண்டரின் மை தீர்ந்தபோது புது மை வாங்கும் விலைக்கு இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம் போலிருந்தது. இப்போது அதன் மேல் அம்மாவின் மணிபிளாண்ட் இருக்கிறது.

அந்த மனிதர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், பொறியியலுக்கு வலுவான கணினி வேண்டும் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் நான் என்ன செய்தேன் என்று பார்த்தால் முதல் வருடம் முழுக்க வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட், பிடிஎஃப். இயந்திரப் பாகங்களை வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் வந்தபோது அதற்கென்று லேபில் பெரிய திரையோடு டெஸ்க்டாப் கணினிகள் வரிசையாக இருந்தன, அசைன்மெண்டை அங்கேயே முடித்துவிட்டு வருவோம். வீட்டில் சாலிட்வொர்க்ஸ் திறந்தது மொத்தமாக இருபது தடவை இருக்கலாம். அந்த கிராஃபிக்ஸ் கார்டை நன்றாகப் பயன்படுத்தியது தம்பிதான், அப்போது அவன் தொடக்கப்பள்ளி.

128 ஜிபி எஸ்எஸ்டி என்று எழுதியிருந்ததை விண்டோஸ் 119 ஜிபி என்று காட்டியது. ஏமாற்று இல்லை, தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, 512 ஜிபி வாங்கினாலும் 476தான் தெரியும். அந்த 119இல் விண்டோஸும் சாலிட்வொர்க்ஸும் ஆபீஸும் உட்கார்ந்தபின் சி டிரைவ் எப்போதும் சிவப்புக் கோடுதான். இன்னொரு பக்கம் 1 டிபி காலியாகக் கிடந்தது, ஆனால் அதிலிருந்து எதைத் திறந்தாலும் ஒரு தே ஓ குடித்துவிட்டு வரலாம்.

எடைக்கு வருவோம். காலை 6:40க்கு வீட்டிலிருந்து இறங்கி, ஈசூனில் ரயில் ஏறி, ஜூரோங் ஈஸ்ட் வரை பெரும்பாலும் நின்றுகொண்டே போய், அங்கே மாறி கிளமெண்டி, டோவர். பையை முன்பக்கம் மாட்டினால் மூச்சு முட்டும், கீழே வைத்தால் யாராவது மிதிப்பார்கள். லெக்சர் ஹாலில் பிளக் பாயிண்ட் சுவரோரம் மட்டும்தான். பேட்டரி இரண்டரை மணி நேரம் வந்தால் பெரிய விஷயம், அதனால் சுவரோர இடத்துக்காகச் சீக்கிரம் போக வேண்டும், ஆனால் நான் வருவது ஈசூனிலிருந்து. கடைசியில் மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றையும் பையில் போட்டேன், எடை இன்னும் ஏறியது. நூலகத்தில் திறந்தால் ஃபேன் ஹேர் டிரையர் மாதிரி கத்தும், பக்கத்து மேசையிலிருந்து ஒரு பார்வை வரும். இரவில் அம்மா இடது தோளில் கோடாலித் தைலம் தேய்த்துவிடுவார். அப்பா சொன்ன 'நல்லா உழைச்சுது' இதுதான், உழைத்தது என் தோள்.

அதனால்தான் இப்போது யார் என்னிடம் லேப்டாப் பற்றிக் கேட்டாலும் நான் பிராண்டும் சொல்வதில்லை, பட்ஜெட்டும் கேட்பதில்லை. ஒரு வெள்ளைத்தாளில் உன் ஒரு நாளை எழுதிக்கொண்டு வா என்பேன். எத்தனை மணிக்குக் கிளம்புவாய், எவ்வளவு தூரம் நடப்பாய், எங்கே உட்கார்வாய், அங்கே பிளக் இருக்குமா, எந்த மென்பொருள், அது லேபில் கிடைக்குமா வீட்டிலும் வேண்டுமா, இரவில் எங்கே வைத்துப் படிப்பாய். தேர்வு நேரத்தில் சாங்கி விமான நிலையத்துக்குப் போய்ப் படிக்கும் கூட்டத்தில் நீயும் ஒருவரா, அதையும் எழுது. பெரும்பாலானவர்கள் எழுதிக்கொண்டு வருவதில்லை, மறுபடியும் பிராண்டுதான் கேட்பார்கள்.

இரண்டாம் வருடம் கீல் உடைந்தது. திரையின் ஒரு மூலையைப் பிடித்துத் திறப்பது என் பழக்கம், கீலைப் பிடித்திருந்த உள் பிளாஸ்டிக் விண்டு, ஒருநாள் திறக்கும்போது திரையின் ஓரம் வாய் பிளந்தது. ப்ராஜெக்ட் கொடுக்க இரண்டு வாரம். சர்வீஸ் சென்டரில் இது நீங்கள் உடைத்தது, வாரண்டியில் வராது, 380 வெள்ளி, பாகம் வர மூன்று வாரம் என்றார்கள். நான் வாதாடிப் பார்த்தேன், அப்பா வந்து இன்னும் சத்தமாக வாதாடினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரின் மேல்மாடியில் ஒரு சின்னக் கடை, ஒரு வயதானவர் பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, உடைந்த இடத்தில் எபாக்சிப் பசை வைத்து, புது திருகு இறக்கி, மறுநாள் மாலை கையில் கொடுத்தார். 70 வெள்ளி. சிம் லிம் என்றாலே ஏமாற்றிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய, விலை கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வேலையைக் கொடுத்தால் பழுதுபார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அந்த எபாக்சி இன்னும் பிடித்திருக்கிறது.

அப்போதுதான் வாரண்டி என்ற வார்த்தைக்குள் எத்தனை இருக்கிறது என்று புரிந்தது. சிலதில் நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டும், சிலதில் ஆள் வீட்டுக்கே வருவார். கீழே போட்டு உடைப்பதும் தண்ணீர் கொட்டுவதும் சாதாரண வாரண்டியில் சேராது, அதற்கு விபத்துக் காப்பு என்று தனியாக உண்டு, மாணவருக்கு அதுதான் தேவை, ஏனென்றால் கல்லூரி லேப்டாப் தானாகக் கெடுவதைவிட நம்மால் கெடுவதுதான் அதிகம். பாலிடெக்னிக்குகளிலும் பல்கலைக்கழகங்களிலும் புது மாணவர்களுக்கென்று நடக்கும் விற்பனையில் இந்தக் காப்பைச் சேர்த்தே தருவதுண்டு, விலை வெளிக்கடையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் இதைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது வந்தால் வேறு கதை. 2012 செப்டம்பரிலிருந்து இங்கே குறையுள்ள பொருளுக்குக் கடைக்காரரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். நாமே உடைத்ததற்கு அது உதவாது.

அடுத்தது பெரியம்மா மகன், எனக்கு அண்ணன். அவன் 2017இல் 2,600 வெள்ளிக்கு வாங்கினான். ஒரே தடவை நல்லதாக வாங்கிவிட்டால் யூனிவர்சிட்டி வரைக்கும் ஓடும் என்பது பெரியப்பாவின் கணக்கு. கணக்கில் ஒன்று விட்டுப்போனது. ஆண்பிள்ளைக்கு இங்கே பாலி மூன்று வருடம், நடுவே ராணுவம் மாதிரியான கட்டாயத் தேசிய சேவை இரண்டு வருடம், அப்புறம் பல்கலைக்கழகம் நான்கு வருடம். மொத்தம் ஒன்பது. எந்த லேப்டாப் ஒன்பது வருடம் ஓடுகிறது?

2020இல் அவன் தேசிய சேவைக்குப் போனபோது லேப்டாப்பை முழுசாக சார்ஜ் செய்து, உறை போட்டு, அலமாரி மேல்தட்டில் பத்திரமாக வைத்தான். வீட்டின் மேல்மாடி, மேற்கு வெயில் முழுக்க அந்தச் சுவரில். இரண்டு வருடம் கழித்து எடுத்தால் டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பி நிற்கிறது, மேசையில் வைத்தால் ஆடுகிறது. பெரியம்மா அதைக் கையால் அழுத்திச் சரிசெய்யப் பார்த்திருக்கிறார்! நான் போனில் கத்தினேன். பேட்டரி உப்பினால் அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது, அணைத்து அப்படியே கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பேட்டரி மாற்றினான், ஓடியது. ஆனால் அதன் இண்டெல் சிப் ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். யூனிவர்சிட்டி முதல் வருடம் முடியுமுன் வேறு வாங்கினான். 2,600 வெள்ளியில் உண்மையில் உழைத்தது நாலு வருடம்.

எனவே பாலிக்குப் போகிற பையனுக்கு வாங்குவதென்றால் மூன்று வருடத்துக்கு மட்டும் வாங்குங்கள், மீதிப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். சேவைக்குப் போகும்போது பேட்டரியைப் பாதி அளவில் விட்டு அணைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள், சில மாதத்துக்கு ஒருமுறை முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் சார்ஜ் ஏற்றிவிட்டால் போதும். அந்த இரண்டு வருடமும் அதைத் தங்கச்சியிடமோ தம்பியிடமோ கொடுத்துவிடுவது இன்னும் நல்லது, ஓடுகிற பொருள் கெடுவது குறைவு. கொடுக்க மனசு வருமா என்பது வேறு விஷயம்.

சித்தி மகளுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்கியல் படிப்பு, 1.2 கிலோ, பார்த்தாலே ஆசையாக இருக்கும் மெல்லிய மாடல், 8 ஜிபி ராம். "அப்புறம் ராம் ஏத்திக்கலாம்" என்று கடையில் சொன்னார்களாம். ஏற்ற முடியாது. மெல்லிய லேப்டாப் பலவற்றில் ராம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும், வாங்கும்போது இருந்தது சாகும்வரை அதேதான். குரோமில் இருபது டேப், டீம்ஸ், எக்செல், ஒரு பிடிஎஃப், அவ்வளவுதான் திறந்திருப்பாள், மூச்சு வாங்கும். இன்றைக்கு 16 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள், ஆப்பிள்காரர்களே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் அடிப்படை மாடலை 16 ஜிபிக்கு ஏற்றிவிட்டார்கள். மேக் நல்ல பொருள், பேட்டரி அருமை, கணக்கியல், வணிகம், ஊடகம் படிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் சாலிட்வொர்க்ஸ், ரெவிட் மாதிரி விண்டோஸில் மட்டும் ஓடுகிறவை இருக்கும் படிப்பென்றால் முதலில் துறையில் கேட்டுவிடுங்கள். 2024 நடுவில் வந்த ஸ்னாப்டிராகன் சிப் விண்டோஸ் லேப்டாப்புகளுக்கும் இதேதான், பேட்டரி நாள் முழுக்க நிற்கும், பழைய பொறியியல் மென்பொருள் சிலது அதில் ஓடாது.

இனி தம்பி. 2025 ஏப்ரல் சேர்க்கை. படிப்பு அனிமேஷன், கேம் சம்பந்தப்பட்டது. கேட்டது ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப். நான் தராசோடு உட்கார்ந்திருக்கிறேன், என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியும்தானே. "கோர்ஸுக்கா, வாலரண்ட் கேமுக்கா?" என்று கேட்டேன். "ரெண்டுக்கும்க்கா" என்றான், அந்த நேர்மைக்காகவே தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன்.

எழுதியதைப் படித்தபின் எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. ஈசூனிலிருந்து அவன் பாலி இரண்டே ஸ்டேஷன், காத்திப் தாண்டினால் யோ சூ காங். அனிமேஷன் செய்யும் பிளெண்டர், கேம் செய்யும் அன்ரியல் இரண்டும் முதல் வருடத்திலேயே, வேலை பெரும்பாலும் இரவில் வீட்டில். செய்த காட்சியை முழுப்படமாக மாற்ற ரெண்டர் என்று போட்டுவிட்டால் சாதாரண லேப்டாப்பில் மணிக்கணக்கில் கிடக்கும். என் நாளுக்கு எது முட்டாள்தனமோ அது அவன் நாளுக்குச் சரி. என் தோள்வலியை அவன் பையில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். சரி, கேமிங்தான், ஆனால் எடையில் 2 கிலோவைத் தாண்டக் கூடாது, திரையை நான்தான் பார்ப்பேன் என்று ஒப்பந்தம்.

4060 என்று பெட்டியில் எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றல்ல. அதே சிப்பை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம், எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர் முடிவுசெய்கிறார், மெல்லிய உடம்பில் குறைவாகக் கொடுத்திருப்பார்கள். விவரத் தாளின் அடியில் சின்ன எழுத்தில் டிஜிபி என்று இந்த வாட் அளவு இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். இண்டெல் சிப்பில் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் அப்படித்தான், யு என்றால் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் வகை, எச் என்றால் வேகமும் சூடும். ஐ5 எச் பல வேலைகளில் ஐ7 யுவை முந்திவிடும். அப்பாவுக்கு இதைப் புரியவைக்க, கார் எஞ்சின் ஒன்றுதான்ப்பா, ஒருத்தன் பெட்ரோல் பைப்பைச் சின்னதாக வைத்திருக்கிறான் என்றேன். கப்பல் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர், "அப்ப பைப் சைஸைக் கேளு" என்றார். அன்று போன கடைகளில் எல்லாம் அப்பாவே டிஜிபி எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தார், பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

அப்பாவின் விருப்பப்படி முதலில் தேக்கா வட்டாரம், அங்கே முஸ்தபா கடையில் விலை பார்த்தாயிற்று, அப்படியே கோமள விலாஸில் மதியச் சாப்பாடு. பிறகு சிம் லிம், ஃபுனான். சித்தப்பா போன் செய்து, எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் போனால் மலிவு என்றார். அதையும் கணக்குப் போட்டோம். காலையில் போய் மாலையில் திரும்பினால் 100 வெள்ளிக்கு மேல் வாங்கிய பொருளுக்கு இங்கே 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும், 48 மணி நேரம் தங்கினாலும் விலக்கு 500 வெள்ளிக்குத்தான். அதற்குமேல் வாரண்டி அந்த ஊரில் மட்டுமா என்று பார்க்க வேண்டும், கீல் உடைந்தால் எல்லைப் பாதையான காஸ்வேயில் நின்றுகொண்டு போக எனக்குத் தெம்பில்லை. விட்டுவிட்டோம்.

கடையில் நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன், சிரித்தாலும் பரவாயில்லை. மேசையில் வைத்தபடி ஒரே விரலால் திரையைத் தூக்கினேன், அடிப்பாகம் சேர்ந்து எழும்புகிறதா என்று. விசைப்பலகையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினேன், ஒரு மாடலில் மெத்தை மாதிரி அமுங்கியது, அதை விட்டுவிட்டோம். திரையில் முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கவாட்டில் நின்று, பிறகு நின்றபடி மேலிருந்து பார்த்தேன். மலிவான திரையில் வெள்ளை மஞ்சளாகும், கறுப்பு சாம்பலாகும். திரை எவ்வளவு வண்ணம் காட்டும் என்பதற்கான அளவில் என்டிஎஸ்சி 45 விழுக்காடு என்று போட்டிருந்தால் வண்ண வேலைக்கு ஆகாது, எஸ்ஆர்ஜிபி 100 விழுக்காடு என்று இருக்க வேண்டும், தம்பி படிப்புக்கு இது கிராஃபிக்ஸ் கார்டைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன், அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறைந்தால் அடுக்குமாடிக்குக் கீழே திறந்திருக்கும் வாய்ட் டெக்கில் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும்.

அப்புறம் பையிலிருந்து தராசை எடுத்தேன். கடைப்பையன் இருபது வயது இருக்கும், முதலில் புரியாமல் பார்த்தான், பிறகு சிரித்துக்கொண்டே திருட்டுப்பூட்டைக் கழற்றிக் கொடுத்தான். துணிப்பையில் லேப்டாப்பை வைத்துத் தொங்கவிட்டேன், 1.88. சார்ஜரையும் போடு என்றேன். அதைத் தேடி எடுத்துவர ஐந்து நிமிடம் ஆனது. 2.47. விளம்பரத்தில் எழுதும் எடையில் சார்ஜர் சேராது, இதை மட்டும் மறக்காதீர்கள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, மலாய்க்காரர், தன் மகளுக்குப் பார்த்துக்கொண்டிருந்த லேப்டாப்பையும் ஒருமுறை தொங்கவிட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். அப்பா அதற்குள் தராசுக்குப் பொறுப்பாளர் ஆகிவிட்டார்.

யுஎஸ்பி சி வழியாக சார்ஜ் ஏறுமா என்பது அடுத்த கேள்வி. சி துளை இருந்தாலே சார்ஜ் ஏறும் என்று அர்த்தமில்லை, பக்கத்தில் பேட்டரிக் குறியோ விவரத் தாளில் பவர் டெலிவரி என்றோ இருக்க வேண்டும். இதில் இருந்தது. கேம் ஓட்டவும் ரெண்டர் செய்யவும் பெரிய சார்ஜர், அது வீட்டு மேசையிலேயே கிடக்கும். பாலிக்கு உள்ளங்கையில் அடங்கும் 100 வாட் சின்ன சார்ஜர் (GaN வகை), போனுக்கும் அதுதான். கடைசியாக ராம் பற்றவைக்காமல் தனியாகக் கழற்றும் வகையா, இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு, இரண்டும் ஆம் என்றதும் 16 ஜிபியோடு எடுத்தோம், 32 தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். 2,049 வெள்ளி, வட்டியில்லாத் தவணையில் 12 மாதம். இலவச பிரிண்டர் உண்டா என்று அப்பா கேட்க வாயெடுத்தார், அம்மா அவர் கையைப் பிடித்தார்.

வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகை விலையில் லேப்டாப் தரும் திட்டம் ஒன்று ஐஎம்டிஏ என்ற அரசு அமைப்பிடம் இருக்கிறது, டிஜிட்டல் ஆக்சஸ் அட் ஹோம் என்று பெயர். கூச்சப்படாமல் விசாரியுங்கள். கரோசெல் என்ற விற்பனைச் செயலியில் பழையது வாங்குவதும் கேவலமில்லை, என் தோழி 480 வெள்ளிக்கு வாங்கி டிப்ளமாவையே முடித்தாள். எம்ஆர்டி ரயில் நிலைய கேட் ஓரத்தில் நின்று அவசரமாகக் கைமாற்றாதீர்கள், பிளக் இருக்கும் ஃபுட் கோர்ட்டில் உட்காருங்கள். விண்டோஸ் என்றால் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள், யூடியூபில் ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். புதிதில் 56 வாட் மணி, இப்போது 38 என்று காட்டினால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, பேட்டரி மாற்றும் செலவை விலையில் குறையுங்கள். விண்டோஸ் 11 ஏற்காத கணினி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நின்றுவிட்டது. தனி ஆளிடம் வாங்கினால் லெமன் சட்டமும் கிடையாது, அது கடைகளிடம் வாங்குவதற்குத்தான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும் அம்மா கேட்டது, "இதுல தமிழ் அடிக்கலாமா?" கோயில் மகளிர் குழு அறிவிப்பெல்லாம் அம்மாதான் தட்டச்சு செய்வார். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே உள்ளே இருக்கிறது, அமைப்பில் போய்ச் சேர்த்தால் போதும். 1997இல் தமிழ் இணைய மாநாடு நடந்த ஊர் இது, இங்கே உட்கார்ந்துகொண்டு ஆங்கில எழுத்தில் வணக்கம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். தம்பி அலறினான், என்னுடையதில் வேண்டாம், கீபோர்டு மாறிவிட்டால் கேம் நடுவில் ககக என்று வரும் என்று. அம்மாவுக்கு என் பழையதிலேயே போட்டுக் கொடுத்தேன். டிவி மேசையில் எப்போதும் பிளக்கில், எங்கேயும் போகாமல். இந்த வேலைக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது.

அன்றிரவே பேட்டரி 80 விழுக்காட்டோடு நிற்கும்படி அமைப்பை மாற்றினோம், தம்பியுடையது பெரும்பாலும் பிளக்கில்தான் இருக்கும் என்பதால். ரசீதைப் படம் எடுத்து மூன்று பேர் போனிலும் வைத்தாயிற்று, சூட்டில் ரசீது எழுத்து அழிந்துபோகும். பெட்டியைக் குப்பையில் போடப் போன தம்பியை அப்பா தடுத்து, வாரண்டி முடியும்வரை இருக்கட்டும் என்று நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேல் வைத்தார். அங்கே ஏற்கெனவே 2018 பெட்டி இருந்தது, உள்ளே தெர்மாகோல்கூட அப்படியே. "இதுக்கு வாரண்டி முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சேப்பா" என்றேன். "இருக்கட்டும்மா, நல்ல பெட்டி" என்று தராசையும் அதற்குள் போட்டு மூடினார்.